சீனத்துப் பெயர்களுக்கு விலை சொல்கிறவர்

முப்பது வருடமாகக் கல்யாணத் தரகு செய்கிறேன். பெயர் குப்பண்ணன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், எல்லை தாண்டிப் பொள்ளாச்சி என்று நான் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை. சொட்டைத் தலையருக்குப் பெண் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், வாயாடிக்குக் கொடுத்திருக்கிறேன், குறட்டை விட்டு அடுத்த வீட்டையும் எழுப்புகிறவருக்குக்கூட முடித்திருக்கிறேன். ஒரே ஒரு மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் விளங்கச் சொல்ல முடியவில்லை. அவர் பெருமாட்டி ஊர்ப் பூபதிராஜா.

வயது நாற்பத்து மூன்று. வாய்க்காலைத் தாண்டினால் தென்னந்தோப்பு, தோப்புக்குள் ஓட்டு வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு தங்கை, திருப்பூரில் கட்டிக்கொடுத்தது, நல்ல நாள் பெரிய நாளுக்குப் போன் பண்ணும். சித்தூர் காலேஜில் படித்தவர். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சீனாக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து பார்த்தார், அந்தப் பாஷையும் ஓரளவு கற்றுக்கொண்டார். கம்பெனியை இழுத்து மூடியதும் தோப்புக்கே திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் வேலையெல்லாம் ஜன்னலோர மேஜையில்தான்.

முதல் தடவை ஜாதகம் வாங்கப் போனபோதே கேட்டுவிட்டேன். “ஏனுங்க தம்பி, பொண்ணூட்டுக்காரங்க கேட்டா என்ன தொழில்னு சொல்றது? சுருக்கமாச் சொல்லுங்க.”

“பேருக்கு வெலை சொல்றேன்னு சொல்லுங்கண்ணா.”

“என்னது, ஜோசியமா?”

சிரித்துவிட்டார். “இல்லீங்க. இன்டர்நெட்ல கடை போடறவங்களுக்கு ஒரு விலாசம் வேணுமில்லீங்களா? நம்ம நாட்டு விலாசம்னா கடைசியில புள்ளி ஐஎன்னு வரும். சீனாவுக்குப் புள்ளி சிஎன். அதுக்கு முன்னாடி நிக்கற சொல்லுதான் சரக்கு. குப்பண்ணன்னு இருந்தா அது உங்களுக்கு மட்டும்தான் ஆகும். அரிசின்னு இருந்தா? அரிசி விக்கற அத்தன பேருக்கும் ஆகும். அப்பிடிப் பொதுச்சொல்லு கையில இருக்கறவங்க, இது என்ன போகும்னு எங்கிட்டக் கேப்பாங்க. பார்த்துச் சொல்லுவேன். அதுக்குக் கூலி குடுப்பாங்க.”

மாட்டுக்குப் பல் பார்க்கிறது மாதிரிதான் என்று எனக்குப் பட்டது. எதை வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். சொல் குட்டையாக இருக்கவேண்டுமாம். போனில் ஒருமுறை சொன்னால் எதிராளி தப்பில்லாமல் தட்டவேண்டுமாம். வெறும் எண்ணாக இருந்தால் எட்டுக்கு மதிப்பு, நாலு இருந்தால் சீனாக்காரர் கிட்டேயே வரமாட்டாராம், சாவு என்று காதில் விழுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கப்போகிறவர் தன் வீட்டுக்குள் அந்தப் பொருளை என்ன சொல்லிக் கேட்கிறார் என்று பார்க்கவேண்டுமாம். இங்கிலீஷ் சொல் எத்தனை லட்சணமாக இருந்தாலும் சீனக் கடைக்காரருக்கு அது அடுத்த வீட்டுப் பிள்ளைதான், அவர்கள் சொல்லையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய பெயருக்குத்தான் அங்கே மவுசு என்றார். யாருக்கும் உயர்த்திச் சொன்னதே இல்லையாம். ஒருத்தருக்கு ஏற்றிச் சொன்னால் மற்றவர்கள் நம்பிக்கை போய்விடும் என்றார்.

எல்லாம் சரி. அந்த வீட்டுக்குள் இருந்த அமைதிதான் எனக்குத் தாங்காது. உலகமெல்லாம் அவரிடம் விலை கேட்கிறது, ஒருத்தரும் அவரோடு பேசுவதில்லை. எல்லாம் எழுத்துத்தான். காலையில் ஒரு தடவை சோறு வடித்தால் அதுவே மூன்று வேளைக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார், ஒன்றின் மேல் கடைக்காரன் சுற்றிய கவர்கூடப் பிரியவில்லை. நான் எழுந்தால், “இருங்கண்ணா, மழ வர்ற மாதிரி இருக்குது” என்பார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பெண் தேடிப் போன கதையைக் கேட்காதீர்கள். தாராபுரத்தில் ஒரு தகப்பனார், “சைனாவுங்களா? ஆன்லைன் ரம்மியா?” என்றார். வண்டித்தாவளத்தில் ஒரு அம்மாள், “போலீஸ் கேசு வருமுங்களா?” என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே கேட்டாள். இங்கே மாப்பிள்ளைகள் மலிவு, பெண்கள் அரிது. முப்பத்தைந்து தாண்டிய பையன்கள் தோட்டத்துக்கு ஒருவராக நிற்கிறார்கள். அந்த வரிசையில் இவரை எங்கே கொண்டுபோய் நிறுத்த?

போதாக்குறைக்கு நிலத்தையும் விற்றிருந்தார். வாய்க்கால் ஓரத்துக் கீழ்த்தோட்டம், நல்ல தண்ணீர் உள்ள இடம். அதை விற்று, புள்ளி சிஎன்னில் முடிகிற ஒரே ஒரு சீனத்துப் பெயரை வாங்கினார். ஊரானுடைய பெயருக்கே விலை சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை. சீனத்துப் பெயரைப் பதிய அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பார்களாம், அதற்காகவே எடுத்தார். அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வாளையாறு செக்போஸ்டைத் தாண்டினால் கோயம்புத்தூர், அதற்கு அப்பால் போனதில்லை.

அந்தப் பெயர் கோகோபீட். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மில்லில் மலை மலையாகத் தூள் விழும். முன்பெல்லாம் அதைச் சீந்துவார் கிடையாது. இன்றைக்கு அதைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள், செடி வளர்க்க. சீனாக்காரர்கள் மில்லுக்கே வந்து தூளைக் கையில் அள்ளிப் பார்த்து, “கோகோபீட், கோகோபீட்” என்று தலையாட்டுவார்கள். மூட்டை, பில், போர்டு எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான்.

இந்த நேரத்தில்தான் கொழிஞ்சாம்பாறை செல்வப்பிரியாவின் ஜாதகம் என் கைக்கு வந்தது. சித்தூரில் பால் சொசைட்டியில் கணக்கு பார்க்கிறாள். முப்பத்தெட்டு வயது. முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்து வெகுநாளாகிவிட்டது. அண்ணன் மோகனசுந்தரம் நார் மில் வைத்திருக்கிறார், அவர் வீட்டில்தான் இருக்கிறாள். ஜாதகம் பொருந்தியது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று அண்ணனே சொன்னார்.

அதற்கப்புறம் பெருமாட்டிக்குப் போனால் எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. புதுச் சட்டை, முகச்சவரம்! செல்வப்பிரியா தினமும் சாயங்காலம் பஸ்ஸில் இருந்து கூப்பிடுவாளாம். “இன்னிக்கு என்ன பேரு வந்துது?” என்பாளாம். இவர் சொல்லுவார், பூட்டு என்றோ குடை என்றோ. அவள் ஒரு விலை சொல்லுவாள், இவர் ஒரு விலை சொல்லுவார். ஒருநாள் வெங்காயத்துக்கு அவள் சொன்ன விலையைக் கேட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாராம். “அத்தனை வெலைக்குப் போனா நான் சீனாவுக்கே வெங்காயம் நடப் போயிருவனுங்கண்ணா” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்த மனிதர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான். இது முடிந்துவிடவேண்டும் சாமி என்று நானே மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

மோகனசுந்தரம் வீடு பார்க்க வந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் ஆட்கள் வந்து கிணறு, மோட்டார், தோப்பு, மாட்டுச்சாளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. பெண் வரமாட்டாள். அவர் மரத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவர், வாய்க்கால் கரையில் நின்றார்.

“இந்தத் தோட்டத்தை ஏனுங்க வித்தீங்க?”

பூபதிராஜா சொன்னார். எனக்குப் பகீரென்றது. ஆனால் மில்லுக்காரர் கண் விரிந்துவிட்டது.

“கோகோபீட்டுங்களா? அட, அது நம்ம சரக்காச்சே! சீனாவுல அந்தப் பேருல கடை போடறதுன்னா உங்ககிட்டத்தான் வரோணுமா?”

“ஆமாங்க.”

“இதுக்கு ஆதாரம் இருக்குதுங்களா? கரம் எங்க அடைக்கறீங்க?” நிலத்துக்குப் பத்திரமும் வரியும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

“வருசா வருசம் ஒரு தொகை கட்டோணுங்க. அது தப்புனா பேரு கைய விட்டுப் போயிரும்.”

மில்லுக்காரர் என் தோளைத் தட்டினார். “தோட்டம் போனாப் போச்சாதுங்க. இது பத்துத் தோட்டத்துக்குச் சமமாச்சே! மாப்ள, ஊரு உலகத்துக்கெல்லாம் வெலை சொல்ற ஆளு நீங்க. உங்க பேருக்கு ஒரு வெலையைச் சொல்லிப்போடுங்க, பங்காளிங்க கேட்டா நான் சொல்லோணுமில்ல? ஞாயித்துக்கெழம வர்றேன். அன்னிக்கே உப்புச்சர்க்கரை மாத்திக்கலாம்.”

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் எங்கள் ஊரில் பேச்சு உறுதி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்ள என்றே வாயால் சொல்லிவிட்டாரே!

சனிக்கிழமை மத்தியானம் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பூபதிராஜா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. அடுப்பு மூட்டின அடையாளம் இல்லை.

“அண்ணா, அதுக்கு வெலை இல்லீங்க” என்றார்.

“எதுக்கு?”

“எம் பேருக்குத்தானுங்க. வாங்கின நாள்ல இருந்து அதுக்கு நான் வெலை பார்த்ததே இல்லீங்க. நம்ம சரக்குதானேன்னு ஒரு நெனப்பு. மில்லுக்காரரு கேட்டதும், வேற ஒருத்தரு அனுப்பின பேரா நெனச்சுப் பார்த்தேன். சீனாவுல தெரிஞ்ச ரெண்டு மூணு பேருகிட்டவும் கேட்டேன். அங்க அதுக்குன்னு சொந்தமா ஒரு சொல்லு இருக்குதுங்க. மில்லுக்கு வர்ற சீனாக்காரரு நம்மகிட்டப் பேசறப்பத்தான் கோகோபீட்டுங்கறாரு, நாம கோயமுத்தூரு சேட்டுகிட்ட இந்தி பேசற மாதிரி. ஊட்டுக்குப் போனா அந்தச் சொல்லை எடுக்கறதே இல்லை. பத்து வருசமா எல்லாருக்கும் இதைத்தானே சொன்னேன்? எங்க தோப்புக்குப் பின்னாடி கெடந்த பொருளுன்னதும் இதைக் கேக்கவே தோணலீங்கண்ணா.”

இந்தப் பக்கத்தில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல்லை எவன் சந்தேகப்படுவான்?

“சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு ஒரு நல்ல தொகையாச் சொல்லுங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நான் உங்களை ஆயிரமா கேக்கறேன்? ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

“அந்தப் பொய்யிலதான் அவிங்க கட்டிக்கிட்டு வந்து குடியிருக்கோணும். நாளைக்கு அண்ணன், அதை வித்துக் காட்டுங்கன்னு கேட்டா, அவிங்க மூஞ்சியக் கொண்டுபோயி எங்க வெச்சுக்குவாங்க?”

“அட கிரகமே! அப்ப அம்மிணிகிட்டயாவது இன்னிக்கே சொல்லிப்போடுங்க. போன்ல தினமும் பேசறீங்களே!”

“கேட்டது அவிங்க அண்ணனுங்க. அவருக்குச் சொல்றதுக்கு முன்னாடி இவிங்களுக்குச் சொன்னா, தங்கச்சிய வெச்சு ஆள் புடிச்ச மாதிரி ஆயிருமுங்க. நேத்தும் கூப்பிட்டாங்க, நான் போனை எடுக்கலை.”

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். இப்படியும் ஒரு மனிதனா! நல்லவர்களைத் திருத்தவே முடியாது. கெட்டவர்களையாவது பயமுறுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்காரர் காரில் வந்தார். பின் ஸீட்டில் உப்பும் சர்க்கரையும் தட்டோடு இருந்ததை நான் பார்த்தேன். பூபதிராஜா அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நின்றுகொண்டே சொன்னார். எனக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. மில்லுக்காரர் தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“அப்பத் தோட்டமும் போச்சு, பேரும் போச்சுங்களா?”

“ஆமாங்க.”

“என்னமோ போங்க.” எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “கலந்துட்டுச் சொல்றோமுங்க.”

கலந்துட்டுச் சொல்றோம் என்றால் எங்கள் ஊரில் வேண்டாம் என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளத் தரகனாக இருக்கவேண்டியதில்லை. உப்பும் சர்க்கரையும் வந்த காரிலேயே திரும்பிப் போயின.

தூசி அடங்கியதும் நான் சொன்னேன். “இப்ப அம்மிணியக் கூப்பிடுங்க.”

“அண்ணன் எந்திரிச்சுப் போனப்புறம் தங்கச்சியக் கூப்பிடறது முறையில்லீங்கண்ணா. வேண்டாம்னு அவிங்க வாயால சொல்ல வெக்கறது எதுக்குங்க?”

“வேண்டாம்னு சொல்லும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வாங்க ஆளில்லைன்னா வெலை கேக்கப்படாதுங்க.”

“நீங்க என்ன இன்டர்நெட் பேரா? மனுசனய்யா நீங்க!” என்றேன். கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு என்னை இருக்கச் சொல்லவில்லை.

நான் விட்டுவிட்டேன். மில்லுக்காரர் என் போனை எடுப்பதில்லை. வேறு ஜாதகங்கள் இருந்தன, ஆனி, ஆடி போனது. ஆவணி பிறந்து சில நாள் கழித்துக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல முகூர்த்த நாள், கூட்டம் நெரிந்தது. யாரோ, “குப்பண்ணா” என்றார்கள். செல்வப்பிரியா. கூட அவள் அண்ணி நின்றாள்.

“ஏனுங்கம்மிணி, எங்க போறாப்ல?”

“முகூர்த்தப் பட்டு எடுக்கப் போறேனுங்கண்ணா. உடுமலையில ஒருத்தரு. நிச்சயம் முடிஞ்சுருச்சு.” அண்ணி தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “அவரு நல்லா இருக்காருங்களா?”

“இருக்காரு. அண்ணன் வேண்டாம்னதும் மனசு ஒடஞ்சு போச்சு, பாவம்.”

“அண்ணன்தானுங்களே வேண்டாம்னாரு. நான் சொன்னனா?” அவள் கண் கலங்கியிருந்தது. “அன்னிக்குச் சாயங்காலமே அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு. வெலை இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாராமே. முதல் ஊட்டுல நான் பட்டதெல்லாம் பொய்யாலதானுங்க. இவருகிட்ட வேற எதுவும் இல்லாட்டியும் பரவால்லைன்னு நெனச்சேன். நீங்க வர்றீங்களான்னு ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருந்தா அண்ணங்கிட்ட நானே சண்டை போட்டிருப்பேன். கேப்பாருன்னு ஆடி முடியற வரைக்கும் பார்த்தேன். கேக்காத மனுசங்கிட்ட நானாப் போயி எப்பிடீங்கண்ணா சொல்றது?”

பஸ் வந்துவிட்டது. அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். கூட்டத்தில் அவள் தலை மறைந்துபோனது. நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அப்படியே திரும்பி, ஆட்டோ பிடித்துப் பெருமாட்டிக்குப் போனேன். வழியெல்லாம் அவரை என்னென்ன வையவேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பூபதிராஜா வழக்கம்போல மேஜையில் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், பட்டு எடுக்கப் போனதையும் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“ஆடி முடியற வரைக்குமாங்க?”

“ஆமா.”

“நானும்தானுங்கண்ணா” என்றார். “அவிங்களாக் கூப்பிடுவாங்கன்னு குளிக்கப் போனாக்கூடப் போனைத் திண்டு மேல எடுத்து வெச்சுட்டுத்தான் குளிச்சேன். தோப்புக்குள்ள சிக்னல் கெடைக்காதுன்னு தேங்கா போடற அன்னிக்குக்கூட வாசலை விட்டு நகரலீங்க.”

நான் சேர்த்து வைத்துக்கொண்டு போன வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கவர் பிரியாத அந்த நாற்காலியைப் பார்க்கவே முடியாமல் வெளியே தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்கள் இரண்டு பேரையும் நான் சேர்த்துவைக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தார்கள்.

கிளம்பப் படியிறங்கும்போது பூபதிராஜா கூப்பிட்டார்.

“அண்ணா, இன்னிக்கு முகூர்த்த நாளாச்சே. பஸ்ஸுல அவிங்களுக்கு உக்கார எடம் கெடச்சுதுங்களா?”

“கெடச்சுது தம்பி. ஜன்னலோரமே கெடச்சுது” என்றேன்.

பொள்ளாச்சி வரைக்கும் அவள் நின்றுகொண்டுதான் போயிருப்பாள்.